இருபத்து நாலாவது சுற்று

அவனை எல்லோரும் வால்வு என்றுதான் கூப்பிட்டார்கள். குடிநீர் வாரியத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. தெருவுக்குத் தெரு தரைக்குள் புதைந்திருக்கும் வால்வுகளைத் திறந்து மூடுவது வேலை. ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புச் சாவி, மூடியைத் தூக்க ஒரு கொக்கி, தோளில் ஒரு துண்டு. விடிகாலை நாலரைக்கு முதல் வால்வு, ஏழரைக்குள் முப்பத்தெட்டாவது. எந்த வால்வுக்கு எத்தனை திருகு என்பது அவன் மணிக்கட்டுக்கே மனப்பாடம். அவசரப்பட்டுச் சட்டென்று மூடினால் உள்ளே ஓடுகிற தண்ணீர் முட்டி மோதிக் குழாயைப் பிளந்துவிடும். நேரம் கழித்துத் திறந்தாலோ மேட்டுத் தெருக்காரர்கள் குடத்தோடு வந்து அவன் பரம்பரையையே இழுப்பார்கள்.

ஓட்டம் அவன் தேடிப் போனதல்ல. சைக்கிள் செயின் அறுந்த ஒரு நாள், சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு முப்பத்தெட்டு வால்வுக்கும் ஓடினான். ஏழு மணிக்கே வேலை முடிந்துவிட்டது. மறுநாள் செயினை மாட்டிய பிறகும் சைக்கிளை எடுக்கவில்லை. அப்படி ஆரம்பித்தது பத்து கிலோமீட்டர் பந்தயமாகி, இருபத்தொன்றாகி, நாற்பத்திரண்டில் வந்து நின்றது. எட்டு வருடத்தில் வீட்டுச் சுவரில் இருபத்தாறு பதக்கம்.

"ஆணி அடிச்சு அடிச்சு செவுரே சல்லடையா போச்சு" என்பாள் மனைவி. அவள் குழந்தைகள் காப்பகத்தில் ஆயா. "இதுல ஒண்ணையாவது தட்டுல போட்டுச் சாப்பிட முடியுமாங்க?"

அவன் குடும்பத்தில் முதல் பட்டதாரி. தபால் வழியில் பி.ஏ. வரலாறு. படித்தால் மேலே வந்துவிடலாம் என்று சொன்னவர்கள், எவ்வளவு படித்தால் என்று மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அவன் பட்டத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, மறுநாள் காலை வழக்கம்போலக் குழிக்குள் இறங்கினான். ஓட்டத்தில் அந்தக் குழப்பம் இல்லை. எவ்வளவு தூரம் என்று முதலிலேயே பலகையில் எழுதி வைத்துவிடுகிறார்கள். ஓடி முடித்தால் முடித்ததுதான். யாரும் இன்னொரு சான்றிதழ் கொண்டு வா என்று கேட்பதில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

கேட்டார்கள். வாரிய அலுவலகத்தில் பிரிவு எழுத்தர் ஒரு நாள் அவனைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா வால்வு, நீதான ஓடுவ? விளையாட்டு ஒதுக்கீட்டுல ஒரு எடம் காலியா கெடக்கு. நிரந்தரம். ஓட்டப் பந்தயச் சங்கத்தோட அணியில இருக்கணும். வயசு முப்பத்தஞ்சு தாண்டக் கூடாது."

"அணியில சேர என்ன சார் பண்ணணும்?"

"என்னைக் கேட்டா? நான் பஸ்ஸுக்குக்கூட ஓட மாட்டேன். சங்கத்துல போய்க் கேளு. சீக்கிரம் கேளு. மாசக் கடைசில உங்க ஒப்பந்தம் வேற கம்பெனிக்குப் போகுது. அவன் சொந்த ஆளுங்களோட வர்றான்."

சங்கத்தில் கேட்டான். நாற்பத்திரண்டு கிலோமீட்டரில் அவனைவிட வேகமானவர்கள் வரிசை கட்டி நின்றார்கள். ஆனால் நெடுந்தூர அணி ஒன்று இருந்தது. 'கடைசி ஆள்' என்ற பந்தயத்தில் இருபத்து நாலு சுற்று முடித்தவர்களை அதில் எடுத்துக்கொள்வார்கள். அந்த வருடத்தின் கடைசிப் பந்தயம் இரண்டு வாரத்தில் வந்தது. அடுத்த மாதம் பதினோராம் தேதி அவனுக்கு முப்பத்தாறு. இதை விட்டால் வேறு இல்லை.

அந்தப் பந்தயத்தின் விதி சின்னக் குழந்தைக்கும் புரியும். ஒரு சுற்று ஆறு கிலோமீட்டர் எழுநூறு மீட்டர். மணிக்கு ஒரு சுற்று. ஒரு மணி நேரத்துக்குள் ஓடி வந்துவிட வேண்டும். மிச்சம் இருக்கிற நிமிடங்களில் தின்னலாம், படுக்கலாம், அழலாம். அடுத்த மணி அடிக்கும்போது கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். நிற்காதவன் வெளியே. ஓடும் பாதையில் ஒருவரை ஒருவர் தொடக் கூடாது, தாங்கிப் பிடிக்கக் கூடாது. இப்படியே ஒரே ஒருவர் மிஞ்சும்வரை.

இதில் ஒரு சூட்சுமம் இருந்தது. மற்ற எல்லோரும் விட்ட பிறகு, மிஞ்சியவர் அவர்களைவிட ஒரு சுற்று அதிகம் முடித்தால் வெற்றி, அதோடு பந்தயமும் முடிந்தது. அதற்கு மேல் அவரே ஆசைப்பட்டாலும் ஓட முடியாது. வால்வு இருபத்து நாலு முடிக்க வேண்டுமானால், வேறு யாராவது ஒருவர் இருபத்து மூன்றாவது முடித்தாக வேண்டும்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஒரு வாய்க்கால் ஓரத்து மரத் தோட்டத்தில், நாற்பத்தாறு பேர் கிளம்பினார்கள். நடத்தியவர் ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். மூன்று நிமிடம் இருக்கும்போது மூன்று விசில், இரண்டு இருக்கும்போது இரண்டு, ஒன்றுக்கு ஒன்று என்று ஊதுவார். அவருக்கு விசில் மாஸ்டர் என்று பெயர் வைக்க யாருக்கும் யோசனை தேவைப்படவில்லை. மாலைக்குள் பாதிப் பேர் நாற்காலியை மடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பதினைந்தாவது சுற்றில் ஐந்து பேர். பதினெட்டில் இரண்டு பேர்: வால்வும், ஒரு பல் டாக்டரும்.

டாக்டருக்கு ஐம்பத்திரண்டு வயது. கூடாரம், மடக்குக் கட்டில், ஐஸ் பெட்டி, மனைவி என்று எல்லா வசதியோடும் வந்திருந்தார். வால்வுக்குப் பந்தயம் நடத்துபவர்கள் கொடுத்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு துணிப்பையும். இரண்டு பேரும் இருட்டில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பேசிக்கொண்டே ஓடினார்கள்.

"தம்பி, உனக்குக் கீழ் வரிசைல கடவாய்ப் பல்லு ரெண்டு இல்ல. கொட்டாவி விட்டப்ப பாத்தேன்."

"ஓடும்போதும் தொழிலா சார்?"

"ஒரு நாள் வா, கட்டி விடறேன். பல்லு இனாம், கையெழுத்துக்கு மட்டும் காசு வாங்கிக்கறேன்."

அந்தச் சிரிப்பில்தான் வால்வு எழுத்தர் சொன்னதை, வயதை, மாசக் கடைசியை எல்லாம் கொட்டினான். டாக்டர் தலை விளக்கைச் சரிசெய்துகொண்டார்.

"நான் பதினஞ்சு சுற்று போதும்னுதான் வந்தேன். சரி. இருபத்து மூணு வரைக்கும் நான் இருக்கேன். அதுக்கப்புறம் உன் பாடு."

"சத்தியமா சார்?"

"பல்லு மேல சத்தியம்."

எதிராளி எப்போது விழுவான் என்று பார்ப்பதுதான் பந்தயம். இவனோ அந்த நிமிடத்திலிருந்து எதிராளியைக் கண்ணில் வைத்துக் காப்பாற்ற ஆரம்பித்தான். தன் ஓய்வு நிமிடங்களில் டாக்டரின் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டான். தன் உப்பு மாத்திரையைக் கொடுத்தான். டாக்டரின் மனைவி, ஒரு வங்கியில் மேலாளர், கூடார வாசலில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டின பொண்டாட்டி நான்கூட இப்படிப் பாத்துக்கிட்டதில்ல. என்ன தம்பி, சொத்து எழுதி வெக்கறேன்னு சொன்னாரா?"

வால்வு சிரித்துவைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு ஐம்பத்து மூன்றுக்கு இருபத்திரண்டாவது சுற்றை முடித்துக்கொண்டு வந்தார் டாக்டர். வால்வு நாலு நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டிருந்தான். டாக்டர் கூடாரத்துக்குப் போகவில்லை. மரங்களுக்குப் பின்னால் ஒதுங்கியவர், அங்கிருந்து தாழ்ந்த குரலில் கூப்பிட்டார்.

"தம்பி, இங்க வா. அவ பாக்காம வா."

போனான்.

"கறுப்பா போகுது. கோலா மாதிரி. போன சுற்றுலயே லேசா இருந்துச்சு."

வால்வு தரையைப் பார்த்தான். மண்ணில் அந்த நிறம் இன்னும் காயவில்லை.

அது என்ன என்று அவனுக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் வேறொரு பந்தயத்தில் ஓர் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுக்கு இப்படித்தான் போனது. தண்ணீர் குறைவு என்று சொல்லி அவர் இன்னும் இருபது கிலோமீட்டர் ஓடினார். தசை நைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைத்துவிட்டது என்று பின்னால் சொன்னார்கள். ஆம்புலன்ஸில் அவர் காலைத் தூக்கிப் போட்டவன் வால்வுதான். இன்றைக்கும் அவர் வாரத்துக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்யப் படுத்துக் கிடக்கிறார்.

"உங்களுக்குத் தெரியாததா சார்? நீங்க டாக்டரு."

"நான் கழுத்துக்கு மேலதான் டாக்டர்." சிரிக்கப் பார்த்தார். உதடு வெடித்திருந்தது. "தண்ணி கம்மியா குடிச்சிருப்பேன், அவ்வளவுதான. இந்த ஓட்டத்துல நீதான் சீனியர். நீ சொல்லு. ஒரு சுற்று ஓடலாமா?"

மூன்று விசில் கேட்டது.

அந்த மூன்று விசில் நேரத்தில் வால்வு நினைத்ததை யாரிடமும் பிற்பாடு அவனால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. இன்னும் ஒரே ஒரு சுற்று என்று நினைத்தான். ஒரு மணி நேரத்தில் ஒரு மனிதனுக்கு என்ன ஆகிவிடும் என்று நினைத்தான். ஏஜெண்ட் ஓடியது இருபது கிலோமீட்டர், இது ஏழுகூட இல்லை என்று கணக்குப் போட்டான். கணக்குப் போடுகிறோம் என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

"ஓடலாம் சார். நல்லா தண்ணி குடிங்க, சரியாயிடும்."

"நீ சொன்னா சரி."

டாக்டர் ஒரு பாட்டில் தண்ணீரை அப்படியே வாயில் கவிழ்த்துக்கொண்டார். மனைவி எழுந்து வந்தார்.

"போதும் விடுங்களேன். மூஞ்சி பாருங்க, மாவு பூசின மாதிரி இருக்கு. என்ன தம்பி, நீங்களாவது சொல்லுங்க."

வால்வு குனிந்து ஷூ கயிற்றை இறுக்கினான். இறுக்கமாகத்தான் இருந்தது. மறுபடியும் இறுக்கினான். எட்டு மணிக்கு மணி அடித்தது.

முதல் இரண்டு கிலோமீட்டர் டாக்டர் ஓடினார். மூன்றாவதில் நடந்தார். வால்வு அவரோடு நடந்தான். தொடக் கூடாது, பேசலாம். பேசினான். மேட்டுத் தெருவில் தண்ணீர் வராத அன்று ஒரு ரிட்டயர்டு தாசில்தார் பக்கெட்டோடு தன்னைத் துரத்தியதைச் சொன்னான். கொக்கியைக் குழிக்குள் தவறவிட்டுவிட்டு, மீன் பிடிப்பதுபோலக் காந்தம் கட்டி எடுத்ததைச் சொன்னான். டாக்டர் சிரிக்கவில்லை. கால்களைத் தூக்கி வைக்காமல் தேய்த்து இழுத்துக்கொண்டு வந்தார்.

வாய்க்கால் மதகு வந்தது. நாலு கிலோமீட்டர். முப்பத்தேழு நிமிடம் ஆகியிருந்தது. இருபத்து மூன்று நிமிடத்தில் இரண்டு கிலோமீட்டர் எழுநூறு மீட்டர். மெதுவாக ஓடினாலே போதும். நடந்தால் போதாது.

"சார், அந்த மஞ்சக் கொடி வரைக்கும் ஓடலாம். அங்க நடக்கலாம். வாங்க சார்."

ஓடினார். கொடிக்கு முன்னாலேயே நின்றார். பாதை ஓரத்தில் ஒரு மரத்தில் பொந்து இருந்தது. டாக்டர் அதன் முன்னால் போய் நின்று, இடது கையால் பட்டையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே எட்டிப் பார்த்தார்.

"நல்லா வாயத் திறங்க. இன்னும் கொஞ்சம். வலிக்காது."

வால்வுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் விளையாடவில்லை. மரத்தின் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"சார். டாக்டர் சார். என்னைப் பாருங்க. நான் யாரு?"

டாக்டர் திரும்பினார். கண் அவன் மேல் வந்து நிற்க நேரம் ஆனது. "நீயா? வா. இது எத்தனாவது?"

பொய் சொல்ல அவன் வாய் தயாராக இருந்தது. இதுதான் கடைசி, அதோ தெரியுது என்று சொன்னால் இந்த மனிதர் இன்னும் ஓடுவார். அப்படி ஓடக்கூடிய ஆள்தான். அதுதான் வால்வை அடித்துப் போட்டது.

"உக்காருங்க சார்."

"இருபத்து மூணு ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு சார். உக்காருங்க."

டாக்டர் அப்படியே மரத்தடியில் சரிந்து உட்கார்ந்தார். நல்ல பிள்ளை மாதிரி கையை மடியில் வைத்துக்கொண்டார்.

வால்வு நாலு திசையும் பார்த்துக் கத்தினான். பாதையைச் சுற்றிவரும் தன்னார்வலர் பெண், கல்லூரியில் படிப்பவள், சைக்கிளில் மதகுப் பக்கம் வருவது தெரிந்தது. கையை ஆட்டினான். அவளும் ஆட்டினாள். சரி, வருகிறாள். தன் சுற்றையாவது முடிக்க வேண்டும் என்று ஓட ஆரம்பித்தான்.

பத்து அடி போயிருப்பான். கையில் கடிகாரம் நாற்பத்து மூன்று காட்டியது. பதினேழு நிமிடம். இரண்டு கிலோமீட்டர் சொச்சம். பதினேழு நிமிடம் என்பது சின்ன நேரமா? குழந்தைகள்கூட ஓடுமே. வால்வு திரும்பினான். நடந்ததை உள்ளபடி சொல்வதென்றால், திரும்பி ஓடினான்.

"சார், எந்திரிங்க. தப்பா சொல்லிட்டேன். இன்னும் முடியல. டைம் இருக்கு சார், எந்திரிங்க!"

டாக்டர் முகத்தைத் தூக்கிப் பார்த்தார். கோபம் இல்லை. எழுந்திருக்கப் பார்த்தார். இரண்டு கையையும் மண்ணில் ஊன்றி, இடுப்பைத் தூக்கி, அப்படியே நாலு காலில் நின்றுகொண்டு நடுங்கினார். வால்வு பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தொடாமல், ஆனால் காதோரம் வாயை வைத்துச் சொல்லிக்கொண்டே இருந்தான். எந்திரிங்க சார், எந்திரிங்க சார், சத்தியம் பண்ணீங்கல்ல.

"அண்ணா! என்னண்ணா பண்றீங்க?"

சைக்கிள் கீழே விழுந்த சத்தம் கேட்டது. அந்தப் பெண் ஓடி வந்து டாக்டரின் தோளைப் பிடித்துப் படுக்க வைத்தாள். தொட்டாயிற்று. அவர் பந்தயத்தில் இல்லை. அவள் ஒரு கையால் வாக்கி டாக்கியை அழுத்திக்கொண்டே வால்வை நிமிர்ந்து பார்த்த பார்வையை அவன் செத்தாலும் மறக்க மாட்டான்.

"கறுப்பா யூரின் போகுது. காலைலேருந்து. ஆஸ்பத்திரில சொல்லிரு" என்றான்.

"உங்களுக்குத் தெரியுமா?"

வால்வு ஓடினான்.

தனியாக ஓடிய அந்த இரண்டு கிலோமீட்டர் எப்படிப் போனது என்று அவனுக்கு நினைவில்லை. எதிரே ஆம்புலன்ஸ் ஒன்று வந்தபோது வாய்க்கால் சரிவில் இறங்கி வழிவிட்டது மட்டும் நினைவிருக்கிறது. எட்டு ஐம்பத்தெட்டுக்குக் கோட்டைத் தாண்டினான். முப்பது பேர் கை தட்டினார்கள். விசில் மாஸ்டர் ஓடி வந்து கட்டிக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"கடைசி ஆள்! நம்ம பந்தயத்துல இருபத்து மூணு இதுவரைக்கும் எவனும் தொட்டதில்லடா!"

"மாஸ்டர், ஒம்போது மணிக்கு மணி அடிங்க. இன்னும் ஒண்ணு ஓடிடறேன்."

"எதுக்கு? நீதான் ஜெயிச்சுட்டியே."

"ஓட முடியும் மாஸ்டர். பாருங்க, நிக்கறேன்ல? அடிங்க."

"தனியா ஓடுனா அதுக்குப் பேரு பந்தயம் இல்லப்பா. விதி அப்படி. நான் என்ன பண்ணட்டும்?"

வால்வு போய்க் கோட்டுக்குப் பின்னால் நின்றான். விசில் இல்லை. ஒன்பது மணி ஆனது. மணி தன் கம்பத்தில் சும்மா தொங்கியது. யாரோ படம் எடுத்தார்கள். அவன் ஜெயித்த மகிழ்ச்சியில் அப்படி நிற்கிறான் என்று நினைத்திருப்பார்கள்.

ஆம்புலன்ஸ் திரும்பி வந்து கூடாரத்தருகே நின்றது. டாக்டரின் மனைவி ஒரு கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு ஏறப் போனவர், அவனைப் பார்த்து நின்றார்.

"தம்பி, நீங்கதான் உக்கார வெச்சீங்களாம். வண்டில அதையே சொல்லிக்கிட்டு இருக்காரு. நல்லா இருங்க."

"அம்மா, எட்டு மணிக்கு ஓடச் சொன்னதும் நான்தாம்மா. கறுப்பா போனது எனக்குத் தெரியும்."

அவர் முகத்தில் என்ன வரும் என்று காத்திருந்தான். எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது. அவர் காதில் அது விழுந்ததா என்றே தெரியவில்லை.

"அவரு யார் பேச்சைக் கேட்டாரு" என்று சொல்லிக்கொண்டே ஏறினார். கதவு மூடிக்கொண்டது.

மாஸ்டர் மேஜையில் சான்றிதழ் எழுதிக்கொண்டிருந்தார். அச்சடித்த தாள். பெயர், இடம், சுற்றுகள் என்று மூன்று கட்டம். பெயரையும் முதலிடம் என்பதையும் எழுதி முடித்திருந்தார்.

"மாஸ்டர், அந்த மூணாவது கட்டத்தை காலியா விட முடியுமா?"

"ஏன்?"

"சும்மாதான். மொத எடம்னு இருக்குதே. அது போதுமே."

மாஸ்டர் மூக்குக் கண்ணாடிக்கு மேலே அவனைப் பார்த்தார். அவர் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தவர். காலியாக விடச் சொல்லி வந்த எத்தனையோ பேரைப் பார்த்தவர்.

"எண்ணிக்கைதான்ப்பா இதுல எல்லாமே. வெறுங்கட்டமா குடுத்தா எவன் மதிப்பான்?"

இருபத்து மூன்று என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதினார். நல்ல கையெழுத்து. மை காயட்டும் என்று ஊதியும் கொடுத்தார்.

போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. ஜெயிச்சுட்டேன்."

"ஜெயிச்சீங்களா!" அவள் குரல் துள்ளியது. ஆணியைப் பற்றிப் பேசுகிறவள்தான். "அப்ப வேலை?"

"இருபத்து மூணும்மா."

"என்னது?"

"சுற்று. இருபத்து மூணு."

அவளுக்கு விதி தெரியும். இரண்டு வாரமாக அவள் சோறு போடும்போதும் துணி மடிக்கும்போதும் அவன் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஒண்ணே ஒண்ணா?" என்றாள்.

"ஒண்ணே ஒண்ணு."

"ஏங்க?"

அதற்கு இரண்டு பதில் இருந்தது. ஒருவரை உட்கார வைத்தேன் என்பது ஒன்று. உட்கார வைத்துவிட்டு, எழுப்பத் திரும்பி ஓடினேன் என்பது இன்னொன்று. முதலாவதை மட்டும் சொன்னால் அவள் அவனை மன்னித்துவிடுவாள். பெருமைகூடப் படுவாள். காப்பகத்தில் எல்லோரிடமும் சொல்வாள்.

"வீட்டுக்கு வந்து சொல்றேன். எல்லாத்தையும் சொல்றேன்."

"சரி. எதாவது சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

"வாங்க."

போனை வைத்துவிட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான். டாக்டரை எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள் என்று கேட்க வேண்டும். நாளைக்கு எழுத்தரிடம் போய் நிற்க வேண்டும், தாளைக் காட்ட வேண்டும், அதை அவர் எந்தக் கட்டத்தில் விரல் வைத்துத் திருப்பித் தருவார் என்று தெரிந்திருந்தாலும். கூடாரம் பிரிக்கிறவர்கள் அவன் வரிசைக்கு வந்துவிட்டார்கள்.

"அண்ணே, சேரை எடுக்கணும். கொஞ்சம் எந்திரிக்கறீங்களா?"

"எந்த ஆஸ்பத்திரிண்ணே? டாக்டரை?"

"தெரியலண்ணே. மாஸ்டர்கிட்ட கேளுங்க."

வால்வு இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றினான்.